தும்பையை இனம் காணுதல்: வெண்மை மறைக்கும் வேறுபாடுகள்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்ததும் தமிழ்நாட்டின் தரிசுகளிலும் வரப்புகளிலும் சாலையோரங்களிலும் தும்பை பூத்துவிடுகிறது. பிள்ளைகள் அதன் பூவைப் பறித்து அடிப்பக்கத்தைச் சுவைத்துத் தேன் குடிப்பார்கள். பிள்ளையாருக்கும் சிவனுக்கும் அது மாலையாகிறது. மழைக்காலச் சளிக்கு ஆவி பிடிக்கும் தழைகளில் அதற்கும் இடமுண்டு. இவ்வளவு பழகிய செடி என்பதாலேயே அதைத் திரும்பிப் பார்க்கும் தேவை யாருக்கும் எழுவதில்லை. தும்பை என்றால் தும்பைதான் என்று கடந்துவிடுகிறோம்.

தாவரவியல் அப்படிக் கடந்துவிட முடியாது. தும்பை என்று நாம் அழைப்பது ஒரே ஒரு செடியை அன்று. லியூகஸ் என்னும் பேரினத்தைச் சேர்ந்த பல சிற்றினங்களை. உலக அளவில் இப்பேரினத்தில் ஏறக்குறைய நூறு சிற்றினங்கள் உண்டு. இந்தியாவில் மட்டும் நாற்பதை ஒட்டிய எண்ணிக்கையில் பதிவாகியுள்ளன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை வெள்ளைப் பூ பூப்பவை. பூவின் அமைப்பும் ஏறத்தாழ ஒன்றே. பத்தடி தள்ளி நின்று பார்த்தால் இவற்றில் பலவற்றைப் பிரித்துச் சொல்ல முடியாது. அருகே சென்று வெள்ளைப் பூவை மட்டும் பார்த்தாலும் முடியாது. பிரித்தறியும் குறிகள் பூ உதிர்ந்த பிறகும் செடியில் நிற்கும் பச்சைப் பகுதியில், அதாவது புல்லி வட்டத்தில் இருக்கின்றன. தும்பை இனங்களை அறிய விரும்புபவர் முதலில் கற்க வேண்டியது, கண்ணை இழுக்கும் வெண்மையிலிருந்து பார்வையை விலக்கிப் புல்லியின் மேல் நிறுத்துவதைத்தான். இந்தக் கட்டுரை அந்தப் பயிற்சியைப் பற்றியது. அது ஏன் மருந்துக்கும் இலக்கிய ஆய்வுக்கும் சூழலியலுக்கும் தேவைப்படுகிறது என்பதைப் பற்றியது.

பெயரால் உறவு, பிறப்பால் உறவு

தமிழில் தும்பை என்று முடியும் செடிப்பெயர்கள் பல. அவை எல்லாமே ஒரு குடும்பத்தைச் சேர்ந்தவை அல்ல. தோட்டங்களில் சிவப்பும் ஊதாவும் வெள்ளையுமாகப் பூக்கும் காசித்தும்பை, இம்பேஷியன்ஸ் என்னும் வேறொரு பேரினத்தைச் சேர்ந்தது. தும்பையோடு அதற்கு நெருங்கிய உறவே இல்லை. கருந்தும்பை என்று சொல்லப்படும் அனிசோமெலிஸ், தும்பையின் குடும்பமாகிய துளசிக் குடும்பத்தையே சேர்ந்தது. ஆனால் வேறு பேரினம். அதன் பூ ஊதா சார்ந்தது. இலை பெரியது, கசக்கினால் கடுமையாக மணப்பது.

இவற்றைவிடச் சிக்கலானது கவிழ்தும்பை. டிரைக்கோடெஸ்மா இண்டிகம் என்னும் இச்செடி தும்பை வளரும் அதே தரிசில் வளர்கிறது. தண்டும் இலையும் சொரசொரப்பானவை. பூ வெளிர்நீலம், சில வேளை வெள்ளையோ என்று தோன்றும் அளவுக்கு வெளிறிப்போயிருக்கும். காய் முற்றினால் உள்ளே நான்கு விதைகள்போல் நான்கு சிறுகொட்டைகள். தும்பையிலும் அதே நான்கு. ஆனாலும் இது பொராஜினேசியே என்னும் வேறு குடும்பம். தலைகவிழ்ந்து தொங்கும் அதன் பூவில் ஐந்து இதழ்மடல்களும் ஒரே அளவில் சமச்சீராக விரிந்திருக்கும். தும்பையின் பூவோ மேலுதடு, கீழுதடு என இரண்டாகப் பிளந்தது. கவிழ்தும்பையின் தண்டு உருண்டை. தும்பையின் தண்டு நாற்கோணம். தண்டை விரலிடையில் வைத்து உருட்டினாலே இந்த வேறுபாடு தெரிந்துவிடும்.

மக்கள் இட்ட பெயர்கள் தவறானவை என்று இதற்குப் பொருளில்லை. வளரும் இடம், பயன், தோற்றம், பூ நிற்கும் நிலை ஆகியவற்றைக் கொண்டு பிறந்த பெயர்கள் அவை. அந்தத் தேவைகளுக்கு அவை போதுமானவை. ஆனால் ஒரு பெயரை வைத்துக்கொண்டு இரண்டு செடிகளுக்கு ஒரே மருத்துவக் குணத்தை ஏற்றும்போதும், ஒரே உயிரியல் உறவைக் கற்பிக்கும்போதும் தவறு நேர்கிறது.

முதல் படி: இது தும்பைதானா?

சிற்றினத்துக்குள் நுழையும் முன் பேரினத்தை உறுதி செய்தாக வேண்டும். லியூகஸ் பேரினத்தின் குறிகள் தெளிவானவை. தண்டு நாற்கோணம். இலைகள் ஒவ்வொரு கணுவிலும் எதிரெதிராக இரண்டு. பூக்கள் கணுவைச் சுற்றி வளையம் கட்டியதுபோல் நெருங்கி நிற்கும். புல்லி வட்டம் குழாய்வடிவம். அதில் பொதுவாகப் பத்து நரம்புகள் மேடு தட்டி ஓடும். விளிம்பில் ஆறு முதல் பத்து வரை பற்கள் இருக்கும். துளசிக் குடும்பத்துச் செடிகள் பலவற்றில் புல்லிப் பற்கள் ஐந்தே. எனவே ஐந்துக்கு மேற்பட்ட பற்கள் தென்பட்டால் தும்பைப் பக்கம் வந்துவிட்டோம் என்று கொள்ளலாம்.

பூவின் மேலுதடு மிக முக்கியமான குறி. அது குடைபோல் வளைந்து மகரந்தத்தாள்களை மூடி நிற்கும். அதன் முதுகிலும் விளிம்பிலும் அடர்ந்த வெண்மயிர் இருக்கும். கைலென்சில் பார்த்தால் பஞ்சை ஒட்டிவைத்தாற்போலத் தெரியும். கீழுதடு மூன்று மடல்களாகப் பிரிந்து, நடுமடல் மற்ற இரண்டையும்விடப் பெரிதாக முன்னே விரிந்திருக்கும். மகரந்தத்தாள்கள் நான்கு, இரண்டு நீளம், இரண்டு குட்டை. இவ்வளவும் பொருந்தினால் கையில் இருப்பது லியூகஸ்.

பூ ஏன் பிரித்துக் காட்டுவதில்லை?

மேலே சொன்ன பூவமைப்பு தும்பை இனங்களில் திரும்பத் திரும்ப வருவதற்குக் காரணம் உண்டு. கீழுதட்டின் நடுமடல் தேனீ இறங்கும் தளம். தேனீ தேனுக்காகக் குழாய்க்குள் தலையை நுழைக்கும்போது மேலுதட்டின் கீழ் மறைந்திருக்கும் மகரந்தப் பைகளும் சூல்முடியும் அதன் தலையிலோ முதுகிலோ படுகின்றன. நீலப்பட்டைத் தேனீக்கள் தும்பைக்கு வந்து போவதை எந்தத் தரிசிலும் பார்க்கலாம். பூவின் ஒவ்வொரு பகுதியும் இந்த வேலைக்குப் பொருந்தி நிற்பதால், அதன் வடிவம் ஓரளவுக்கு மேல் மாற இடமில்லை. ஒரே வகை விருந்தாளிகளை நம்பும் பல இனங்கள் ஒரே வகை வாசலை வைத்திருக்கின்றன.

புல்லி வட்டத்தின் வேலை வேறு. அது மொட்டைக் காக்கிறது. இதழ்கள் உதிர்ந்தபின் காய்க்கு உறையாகிறது. முற்றிய நான்கு சிறுகொட்டைகளையும் அடியில் வைத்திருந்து பிறகு வெளியே விடுகிறது. வாய் எவ்வளவு குறுகியது, எந்தப் பக்கம் சாய்ந்தது, பற்கள் மென்மையானவையா முள்போன்றவையா, மயிர் எங்கே அடர்ந்தது என்பவற்றில் இனத்துக்கு இனம் மாற்றம் வந்துள்ளது. பூவில் அடங்கியிருக்கும் வேறுபாடு புல்லியில் வெளிப்படுகிறது.

இலையையும் முழுமையாக நம்ப இயலாது. நம் சமவெளித் தும்பையான லியூகஸ் ஆஸ்பெரா, வறண்ட கரட்டு நிலத்தில் ஒரு சாண் உயரத்தில் குறுகிய இலைகளோடு நின்றுவிடும். அதே இனம் எருவிட்ட வயலோரத்தில் இரண்டு அடிக்குக் கிளைத்து, அகன்ற நீண்ட இலைகளை விடும். இரண்டையும் அருகருகே வைத்தால் இரண்டு இனங்கள் என்றே பலரும் சொல்வார்கள். இரண்டின் புல்லியையும் பிரித்துப் பார்த்தால் ஒன்றே என்பது விளங்கும்.

காலமும் ஒரு காரணம். இதழ்வட்டம் ஓரிரு நாளில் உதிர்ந்துவிடுகிறது. புல்லி வாரக்கணக்கில் நிற்கிறது. உலர்த்தி அழுத்திவைத்த ஹெர்பேரியத் தாள்களில் வெள்ளை இதழ்கள் பெரும்பாலும் உதிர்ந்தோ பழுப்பேறிச் சுருங்கியோ போயிருக்கும். புல்லியோ வடிவம் குலையாமல் இருக்கும். ஜார்ஜ் பெந்தம் 1832க்கும் 1836க்கும் இடையே வெளியிட்ட துளசிக் குடும்பப் பெருநூலில் லியூகஸ் பேரினத்தை உட்பிரிவுகளாக வகுத்தபோது, புல்லியின் வாய் நேரானதா சாய்ந்ததா, பற்கள் எப்படி அமைந்தன என்பவற்றையே முதன்மை அளவுகோலாகக் கொண்டார். ஹூக்கரின் பிரிட்டிஷ் இந்தியத் தாவரவியல் நூலின் 1885ஆம் ஆண்டுத் தொகுதியும், அதன்பின் சென்னை மாகாணத் தாவரங்களைத் தொகுத்த கேம்பிளும் அதே வழியில் சென்றார்கள்.

ஒரு புல்லியைப் படித்தல்

ஊர்ப்புறத்துத் தும்பை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நுனியிலுள்ள இளம் பூவளையம் இதற்கு உதவாது. அதன் புல்லிகள் இன்னும் வளர்ந்து முடியவில்லை. அடியிலுள்ள காய்ந்த வளையமும் வேண்டாம். இடையில், இதழ் உதிர்ந்து காய் பிடித்த நிலையில் இன்னும் பச்சையாக இருக்கும் வளையத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதிலிருந்து ஒரு புல்லியைக் கிள்ளும் முன், அது தண்டில் எப்படி நிற்கிறது என்பதைக் குறித்துக்கொள்ள வேண்டும். தண்டை நோக்கிய பக்கம் மேற்பக்கம். வெளியே பார்க்கும் பக்கம் கீழ்ப்பக்கம். கிள்ளிய பிறகு இந்தத் திசை குழம்பிவிட்டால் 'மேற்பல்' எது, 'கீழ்ப்பல்' எது என்று சொல்ல முடியாமல் போகும். அடையாளங்காணும் நூல்களிலுள்ள வினாக்களில் பாதிக்கு விடை கிடைக்காது.

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்சின் கீழ் லியூகஸ் ஆஸ்பெராவின் புல்லி இப்படித் தெரிகிறது. நீளம் ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர். குழாய் நேராக இல்லாமல் சற்று வளைந்திருக்கிறது. அதன் கீழ்ப்பாதி மெல்லிய சவ்வுபோன்றது, வெளிறியது, மயிரற்றது. மேற்பாதி பச்சை, அங்கே நரம்புகள் வரிவரியாக மேடு தட்டியுள்ளன, அவற்றின்மேல் விறைத்த மயிர்கள். வாய் சிறியது, நன்றாகச் சாய்ந்தது; மேல்விளிம்பு முன்னே நீண்டு நிற்கிறது. விளிம்பில் சிறுசிறு முக்கோணப் பற்கள், ஓரங்களில் மயிர். அவற்றில் மேற்பல்லே பெரியது. குண்டூசியால் குழாயை நீளவாக்கில் கீறித் திறந்தால் அடியில் நான்கு பழுப்புச் சிறுகொட்டைகள் நெருங்கி அமர்ந்திருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒன்றோடொன்று ஒட்டும் உட்பக்கத்தில் கோணமாகவும் வெளிப்பக்கத்தில் உருண்டும் இருக்கும்.

கீழ்ப்பாதி வழவழப்பு, மேற்பாதி சொரசொரப்பு, சாய்ந்த சிறுவாய், முன்னே நீண்ட மேல்விளிம்பு. இந்த நான்கும் சேர்ந்து வருவது லியூகஸ் ஆஸ்பெராவின் அடையாளம். ஒன்று மட்டும் பொருந்தினால் போதாது. தனிக்குறி எதுவும் இன்னோர் இனத்திலும் தென்படலாம். குறிகளின் சேர்க்கைதான் இனத்தைக் காட்டுகிறது.

அருகருகே வைத்துப் பார்த்தால்

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு மற்ற இனங்களிடம் போகலாம்.

லியூகஸ் செபலோட்டஸ் வட இந்தியாவில் பரவலாகவும் தெற்கே அங்கங்கும் வளர்வது. இதில் பூவளையம் பெரிய உருண்டையாகத் தண்டின் நுனியில் அமைந்திருக்கும். ஆஸ்பெராவின் வளையத்தைவிடக் கண்கூடாகப் பெரியது. ஆனால் உருண்டையின் அளவைவிட உறுதியான குறி பூவடிச் செதில்களில் உள்ளது. ஆஸ்பெராவில் அவை நூல்போல் குறுகியவை, புல்லிகளுக்கிடையே மறைந்திருப்பவை. செபலோட்டஸில் அவை சிற்றிலைகளைப்போல் அகன்று, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பூந்தலையைச் சுற்றி உறையிட்டுள்ளன. உருண்டையின் அடியைத் திருப்பிப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்.

லியூகஸ் லாவண்டுலிஃபோலியாவின் இலைகள் மிகக் குறுகியவை, நீண்டவை. செடி முழுவதிலும் மயிர் குட்டை, மென்மை. ஆஸ்பெராவைத் தொட்டால் விரலில் படும் சொரசொரப்பு இதில் இல்லை. புல்லியின் வாய் வெகுவாகச் சாய்ந்தது. மேற்பல் தனித்து நீண்டிருக்க மற்றவை மிகச் சிறியவை. குறுகிய இலை கொண்ட ஆஸ்பெராவோடு இது அடிக்கடி குழம்பும். இலையைப் பார்ப்பதை நிறுத்திவிட்டுத் தண்டை விரலால் தடவி, பிறகு புல்லிக்குப் போவதே நல்ல வழி.

லியூகஸ் பைஃபுளோரா அடையாளங்காண எளிது. இது நிமிர்ந்து நிற்காமல் மெலிந்த தண்டோடு படரும். ஈரமும் நிழலும் உள்ள இடங்களை விரும்பும். இலைகள் சிறியவை, அகன்றவை, ஓரத்தில் பல்லுள்ளவை. பூக்கள் உருண்டையாகத் திரள்வதில்லை. இலைக்கோணத்துக்கு ஒன்றாகக் கணுவுக்கு இரண்டு என்ற கணக்கில் தனித்தனியாக நிற்கும். புல்லியின் வாயும் சாயாமல் நேராக இருக்கும்.

லியூகஸ் மார்ட்டினிசென்சிஸ் ஆப்பிரிக்காவில் பரவலாக உள்ள இனம். வெப்பமண்டல நாடுகள் பலவற்றில் களையாகவும் காணப்படுகிறது. இதன் புல்லி வில்லாக வளைந்தது. மேற்பல் மற்றவற்றைவிட மிக நீண்டு முள்போல் கூர்ந்தது. உலர்ந்த பூவளையத்தைக் கையில் பிடித்தால் குத்தும். வெள்ளை இதழோ மிகச் சிறியது, புல்லியைத் தாண்டி அதிகம் வெளியே வராது. வெள்ளைப் பூவைத் தேடிப் போகிறவர் இந்தத் தும்பையைக் கவனிக்காமலே கடந்துவிடக்கூடும்.

லியூகஸ் செய்லானிகாவுக்கு இலங்கையோடு நெருங்கிய தொடர்பு உண்டு. அங்கே தமிழர் இதை முடித்தும்பை என்கிறார்கள். சிங்களர் இதன் இலையைத் தேங்காய்ப்பூவோடு சேர்த்து மல்லுங் என்னும் உணவு செய்கிறார்கள். தென்னிந்தியா முதல் தென்கிழக்காசியா வரை இது பரவியுள்ளது. இலை இரு முனையும் கூம்பியது. புல்லிப் பற்கள் குட்டையானவை, ஏறத்தாழ ஒத்த அளவுள்ளவை. ஆஸ்பெராவில்போல் மேல்விளிம்பு அவ்வளவாக முன்னே நீள்வதில்லை. இவ்விரண்டும்தான் நம் பகுதியில் மிக அதிகமாக ஒன்றுக்கொன்று மாற்றி எழுதப்படுபவை. இரண்டு புல்லிகளையும் பக்கவாட்டில் ஒரே திசையில் படுக்கவைத்து வாய்விளிம்பின் சாய்வை ஒப்பிட்டால் ஐயம் தீரும்.

சமவெளியை விட்டு மலையேறினால் கதை விரிகிறது. நீலகிரி, பழனி மலைகளின் உயர்ந்த புல்வெளிகளில் லியூகஸ் சஃப்ரூட்டிகோசா போன்ற, அடித்தண்டு கட்டைப்பட்ட பல்லாண்டுத் தும்பைகள் வளர்கின்றன. மேற்குத்தொடர்ச்சி மலையின் வடபகுதியில் உள்ள லியூகஸ் ஸ்டெல்லிகெராவில் காய்க்கும் பருவத்தில் புல்லிப் பற்கள் நட்சத்திரம்போல் நாற்புறமும் விரிந்து நிற்கும். தரிசுக் களை என்று நாம் நினைக்கும் ஒரு செடியின் உறவினங்கள், உலகில் வேறெங்கும் இல்லாத மலை வாழிடங்களிலும் இருக்கின்றன. வெள்ளைப் பூவுள்ள எல்லாவற்றையும் 'தும்பை' என்ற ஒரே வரியில் எழுதிவைக்கும் கணக்கெடுப்பில், எங்கும் மண்டும் களையும் ஒரே மலையில் ஒடுங்கிய அரிய இனமும் ஒன்றாகிவிடும். புல்வெளி அழியும்போது எது அழிந்தது என்றுகூட அப்போது சொல்ல முடியாது.

பெயரிட்டவர்களும் மாறிய பெயர்களும்

தும்பை இனங்களின் அறிவியல் பெயர்களுக்குப் பின்னால் இம்மண்ணின் வரலாறும் இருக்கிறது. பதினேழாம் நூற்றாண்டில் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் மருத்துவராக இலங்கையில் பணியாற்றிய பால் ஹெர்மன் அங்கு தாவரங்களைத் திரட்டி உலர்த்தி வைத்தார். அத்தொகுப்பு பலர் கைமாறி லின்னேயஸிடம் வந்தது. அதைக் கொண்டு அவர் 1747இல் இலங்கைத் தாவரங்களைப் பற்றித் தனிநூல் எழுதினார். 1753இல் அவர் இட்ட ஃபுளோமிஸ் செய்லானிகா என்ற பெயர்தான் இன்றைய லியூகஸ் செய்லானிகாவுக்கு அடி.

ஆஸ்பெராவை 1809இல் பெர்லினில் வில்டெனோ விவரித்தார். 1822இல் லிங்க் அதை லியூகஸுக்குள் கொண்டுவந்தார். லியூகஸ் என்ற பேரினத்தையே ராபர்ட் பிரவுன் 1810இல்தான் ஃபுளோமிஸிலிருந்து பிரித்து நிறுவியிருந்தார். செபலோட்டஸின் கதையில் தரங்கம்பாடிக்கு இடமுண்டு. 1768இல் அங்கு வந்த யோகான் கெரார்டு கோனிக் சூட்டியிருந்த பெயரை, பெஞ்சமின் ஹெய்னே திரட்டிய தென்னிந்தியத் தாவரங்களை ஆராய்ந்த ரோத் 1821இல் முறையாக வெளியிட்டார். ஹெய்னேயும் தரங்கம்பாடியில் சமயப் பணியாளராகத் தொடங்கிப் பின்னர் ஆங்கிலக் கம்பெனியின் தாவரவியலாளரானவர்.

அதே 1821ஆம் ஆண்டு நூலில் ரோத் லினிஃபோலியா என்றும் ஓர் இனத்தை விவரித்தார். ஆனால் ஜேம்ஸ் எட்வர்டு ஸ்மித் அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அதே இனத்துக்கு லாவண்டுலிஃபோலியா என்று பெயரிட்டிருந்தார். முந்தி வெளியான பெயருக்கே உரிமை என்பது தாவரப் பெயரீட்டின் விதி. ஆகவே பழைய மூலிகை நூல்களில் லியூகஸ் லினிஃபோலியா என்றும் புதியவற்றில் லியூகஸ் லாவண்டுலிஃபோலியா என்றும் வருவது ஒரே செடிதான். இதை அறியாதவர் இரண்டு நூல்களைப் படித்துவிட்டு இரண்டு மூலிகைகள் என்று எழுதிவிடுவார். அப்படி எழுதப்பட்ட பட்டியல்களில் இனங்களின் எண்ணிக்கை தாளில் மட்டும் கூடும்.

இலக்கியத்திலும் மருந்திலும்

தொல்காப்பியம் போரைப் பாடும் திணை ஒன்றுக்குத் தும்பை என்று பெயர் வைத்து, அதை நெய்தலுக்குப் புறனாக அமைக்கிறது. வீரர்கள் தும்பை சூடிப் பொருத செய்தி சங்க நூல்களில் விரவியுள்ளது. கபிலரின் குறிஞ்சிப்பாட்டு அடுக்கும் மலர்களிலும் தும்பை உண்டு. இந்தத் தும்பைக்கு நேராக 'லியூகஸ் ஆஸ்பெரா' என்று அடைப்புக்குறிக்குள் எழுதிவிடுவது இன்று உரைநூல்களிலும் ஆய்வேடுகளிலும் வழக்கமாகிவிட்டது. பாடல்கள் தருவது சூடும் வழக்கும் பெயரும். புல்லியின் வாய் எப்பக்கம் சாய்ந்தது என்று எந்தப் புலவரும் பாட வேண்டிய தேவை இல்லை. ஆகவே சங்கத் தும்பை லியூகஸ் பேரினம் என்று கொள்ள நல்ல அடிப்படை உண்டு. அதற்குமேல் ஒரே சிற்றினத்தில் கட்டிப்போடுவதற்குச் சான்று இல்லை. சான்று நிற்கும் இடத்தில் பெயரும் நின்றுவிட வேண்டும். பேரினப் பெயரோடு நிறுத்திக்கொள்வது ஆய்வுக்குக் குறையாகாது, அதுவே நேர்மை.

மருந்தில் இந்தக் கவனம் இன்னும் அவசரமானது. ஆயுர்வேதம் துரோணபுஷ்பி என்று சொல்லும் மூலிகையாக வட இந்தியாவில் லியூகஸ் செபலோட்டஸும் கேரளத்தில் லியூகஸ் ஆஸ்பெராவும் கொள்ளப்படுகின்றன. ஒரே பெயர், இரண்டு இனங்கள். இவற்றின் வேதியியலை ஆராய்ந்தவர்கள் செபலோட்டஸிலிருந்து லேப்டேன் வகை டைடெர்பீன்களையும் ஆஸ்பெராவிலிருந்து ஐசோபிமரேன் வகை டைடெர்பீன்களையும் பிரித்தெடுத்துள்ளனர். ஓரினத்தில் கண்ட விளைவை மற்றதற்கு அப்படியே ஏற்றிச் சொல்வதற்குமுன் தனியே சோதித்தாக வேண்டும் என்பதற்கு இது போதிய காரணம்.

பொடியாகிவிட்ட சரக்கில் இனத்தைக் கண்ணால் பிரிப்பது கடினம். செடி முழுதாக இருக்கும் இடத்தில், அதாவது பறிக்கும் வயலில்தான் அதைச் செய்ய முடியும். அதனால் மூலிகை ஆய்வுக்கட்டுரை எதுவாக இருந்தாலும், சோதித்த செடியின் மாதிரி ஒன்று உலர்த்தப்பட்டு ஏதேனும் ஒரு ஹெர்பேரியத்தில் எண்ணிட்டு வைக்கப்பட்டிருக்க வேண்டும். கோயம்புத்தூரிலுள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வகத்தின் மதராஸ் ஹெர்பேரியமும், திருச்சி தூய வளனார் கல்லூரியின் ராபினட் ஹெர்பேரியமும் நம் மாநிலத்திலேயே இருக்கின்றன. பின்னதைத் தளமாகக் கொண்டுதான் தாவரவியலாளர் கே. எம். மேத்யூ 1981 முதல் தமிழ்நாட்டுத் தாவரங்களைப் பற்றிய தம் பெருந்தொகுதிகளை வெளியிட்டார். மாதிரி இருந்தால் ஐம்பது ஆண்டு கழித்தும் ஒருவர் புல்லியைத் திறந்து பார்த்து, அது எந்தத் தும்பை என்று தீர்ப்புச் சொல்லலாம். மாதிரி இல்லாத ஆய்வில் அந்த வழி அடைபட்டுவிடுகிறது.

இங்கே ஓர் எச்சரிக்கை சொல்லியாக வேண்டும். பாம்புக்கடிக்குத் தும்பைச் சாறு போதும் என்ற நம்பிக்கை ஊர்ப்புறங்களில் இன்னும் இருக்கிறது. எந்தத் தும்பையும் நஞ்சுமுறி ஊசிக்கு மாற்றாகாது. கடிபட்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டுசெல்வதுதான் உயிர் காக்கும்.

மரபணு தரும் விடை

இனிமேல் கைலென்சு எதற்கு, மரபணுவைப் படித்துவிட்டால் போதுமே என்று கேட்கலாம். மரபணு ஆய்வு தும்பையின் உறவுகளைப் பற்றி அருமையான செய்திகளைத் தந்துள்ளது. ஆன்-கேத்ரின் ஷீன், விக்டர் ஆல்பர்ட் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் ஆசியத் தும்பைகள் ஒரே மூதாதையிலிருந்து வந்த ஒரு கிளையாக நின்றன. ஆப்பிரிக்கத் தும்பைகளோ அவற்றோடு சேராமல், அக்கண்டத்தின் வேறு பேரினங்களோடு கலந்து நின்றன. லியூகஸ் என்று நாம் கட்டிவைத்திருக்கும் பேரினமே மறுவரையறைக்குக் காத்திருக்கிறது என்பது இதன் பொருள்.

ஆனால் வயலில் கையில் பிடித்த செடிக்குச் சிற்றினப் பெயர் சொல்லும் வேலையில் மரபணு தனித்து இயங்குவதில்லை. 2009இல் உலகத் தாவரவியலாளர் குழு ஒன்று தாவரங்களுக்கான பொது மரபணுப் பட்டைக்குறியாக ஆர்பிசிஎல், மேட்கே என்னும் இரண்டு பகுதிகளைப் பரிந்துரைத்தது. அவை சோதித்த சிற்றினங்களில் 72 விழுக்காட்டைத்தான் பிரித்துக் காட்டின. பிரியாமல் எஞ்சுபவற்றில் நெருங்கிய உறவினங்களே மிகுதி. நமக்குச் சிக்கல் எழுவதும் அவற்றில்தான். மேலும் மரபணு வரிசையை ஒப்பிட வேண்டுமானால், முன்பே சரியாக இனங்கண்ட மாதிரியின் வரிசை தரவுக்களஞ்சியத்தில் இருக்க வேண்டும். அந்த முதல் இனங்காணலைச் செய்தது புல்லியைப் பார்த்த ஒரு கண்தான். அங்கே பிழை நேர்ந்திருந்தால், அதனோடு ஒப்பிடும் ஒவ்வோர் ஆய்வும் அந்தப் பிழையைச் சுமக்கும்.

செய்ய வேண்டியவை

இயற்கை ஆர்வலர்கள் இன்று கைப்பேசியில் ஏராளமாகத் தாவரப் படங்கள் எடுத்துப் பதிவேற்றுகிறார்கள். தும்பைப் படங்களில் மிகுதியானவை வெள்ளைப் பூவை மேலிருந்து எடுத்தவை. அழகான படங்கள், ஆனால் இனத்தைச் சொல்ல அவை உதவுவதில்லை. அதே செடியில் இன்னும் நான்கு படங்கள் எடுத்தால் அந்தப் பதிவு அறிவியல் சான்றாகிவிடும். முழுச் செடி; ஓர் இலையின் இருபுறமும்; செதில்கள் தெரியும்படி பூவளையத்தின் அடிப்பக்கம்; அளவுகோலோடும் மேற்பக்கம் எது என்ற குறிப்போடும் இதழ் உதிர்ந்த ஒரு புல்லியின் பக்கவாட்டுத் தோற்றம். வளர்ந்த இடம், மண், உயரம், நாள் ஆகியவற்றையும் சேர்த்துக்கொண்டால் போதும். குறிகள் முரண்பட்டால் வலிந்து சிற்றினப் பெயர் இட வேண்டாம். பேரினத்தோடு நிறுத்திவிட்டு முரண்பாட்டை எழுதிவைப்பது அடுத்து வருபவருக்குப் பெரும் உதவி.

பள்ளிகளுக்கும் கல்லூரிகளுக்கும் இது பொருத்தமான பாடம். சமவெளித் தும்பை எல்லா ஊரிலும் கிடைக்கிறது. பறிப்பதால் அழியக்கூடிய செடியும் அன்று. தேவைப்படும் கருவிகள் ஒரு கைலென்சும் குண்டூசியும் மட்டுமே. பாடநூலில் புல்லி, அல்லி என்று மனப்பாடம் செய்யும் மாணவர், வயல்வரப்பில் இரண்டு புல்லிகளை ஒப்பிட்டு இது ஆஸ்பெரா, இது வேறு என்று காரணத்தோடு சொல்லும்போது, வகைப்பாட்டியல் ஏன் இருக்கிறது என்பதை ஒரே பிற்பகலில் கற்றுக்கொள்வார். ஊராட்சிதோறும் பல்லுயிர்ப் பதிவேடுகள் எழுதப்படும் காலம் இது. அவற்றில் 'தும்பை' என்ற ஒற்றைச் சொல்லுக்குப் பதில், எந்தத் தும்பை, எதைக் கொண்டு அறிந்தோம் என்ற இரண்டு வரிகள் இடம்பெறுமானால், அந்த ஏடு மருந்து ஆய்வாளருக்கும் மலைப் புல்வெளியைக் காக்க முனைபவருக்கும் நம்பத்தக்க சான்றாக நிற்கும். அந்த இரண்டு வரிகளை எழுதும் திறமை ஊருக்கு ஒருவரிடமாவது இருக்க வேண்டும். அதை உருவாக்குவது நம்மால் ஆகக்கூடிய வேலை.